ஜாம் போத்தலில் போட்ட பொட்டுகள்

1

மூன்று வாரங்களுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, என் மகள் ஆரணி ரிவோல்வரை நீட்டிப் பிடித்தபடி அரை நிமிடம் அசையாமல் நின்றாள். விசையை ஏற்கெனவே இழுத்திருந்தாள். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடி வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கையிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "வெடிக்கேல்லை எண்டால் நல்லதுதானே அக்கா, ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு ஒழுங்காக விளக்க என்னால் முடியவில்லை. அவளைப் போலவே ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். எழுதி முடிக்காமல் எழும்புவதில்லை என்று இருக்கிறேன்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், பிரெடெரிசியா என்ற நகரத்தில். ஊரில் கணிதம் படிப்பித்த நான் இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். என் கணவருக்குப் பக்கத்து நகரமான ஹோர்சன்ஸில் ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டும் வேலை. ஆரணி எங்கள் ஒரே பிள்ளை. இருபத்துமூன்று வயது. தினமும் ரயிலில் ஹோர்சன்ஸ் போய்ப் படிக்கிறாள். மிச்ச நேரத்தில் இந்த நகரத்துச் சுடுகழகத்தில் இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் தொங்கும் காகித வட்டங்களைச் சுடுகிறாள். இந்த நாட்டில் அது பூப்பந்து போல ஒரு விளையாட்டு. நகரசபைப் பத்திரிகையில் நீச்சல் கழக விளம்பரத்துக்குக் கீழே சுடுகழக விளம்பரமும் வரும். பொலிசின் அனுமதி வேண்டும், பூட்டு வேண்டும், பயிற்சி வேண்டும். அவற்றுக்குப் பிறகு அது விளையாட்டுத்தான்.

எனக்கு அப்படி ஆகவில்லை. பதினெட்டு வயதில் அவள் முதன்முதல் அங்கே போனபோது நான் காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வானொலியைக் கூட்டி வைத்தேன்.

போர்க்காலத்தில் தூரத்திலிருந்து எறிகணை ஏவும் சத்தம், எங்கள் பேச்சில் செல் குத்துவது, முதலில் கேட்கும். பிறகு எண்ணத் தொடங்குவோம். ஒன்று, இரண்டு, மூன்று. விழுந்து வெடித்தால், எங்கோ விழுந்துவிட்டது என்று மூச்சு வரும். வெடிக்காமல் எண்ணிக்கை நீண்டால்தான் நிலத்தோடு இன்னும் ஒட்டிக் கிடப்போம். வெடிச் சத்தத்தை விட, வரவேண்டிய சத்தம் வராமல் இருக்கும் இடைவெளிதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது.

சுடுகூடத்தின் விதியும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான். தோட்டா வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சில தோட்டாக்கள் தாமதமாகப் பற்றும். முகத்துக்கு நேரே திருப்பி, என்ன நடந்தது என்று பார்ப்பவர் போய்விடுவார். ஆரணி விதிப்படி நின்றாள். நான் பின்னால் வாங்கிலில் உட்கார்ந்து எண்ணினேன். முப்பது வரைக்கும் எண்ணி முடித்தேன்.

அந்தத் தோட்டா ஏன் வெடிக்கவில்லை என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

2

ஒரு தோட்டாவில் நான்கு சாமான்கள்: வெளிக்கூடான கோது, குண்டு, வெடிமருந்து, பொட்டு. போட்டிக்குச் சுடுகிறவர்கள் சுட்டு முடிந்த வெறுங் கோதுகளைப் பொறுக்கி வந்து வீட்டில் மீண்டும் நிரப்புவார்கள். அதற்கும் பொலிசிடம் தனி அனுமதி எடுக்க வேண்டும். ஆரணி எடுத்திருந்தாள். எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு மேசை, கையால் இழுக்கும் ஓர் அழுத்தி, ஓர் இரும்பலுமாரி. சனிக்கிழமை காலையில் அங்கே இறங்கிவிடுவாள்.

பொட்டு என்பது கோதின் அடியில் பதிக்கும் சிறு உலோகக் கிண்ணம். விசையை இழுத்ததும் சுத்தியல் அதில் அடிக்கும், பொட்டு பற்றும், அது மருந்தைப் பற்றவைக்கும். டேனிஷில் அதற்கு நீளமான பெயர். பற்றவைக்கும் தொப்பி என்று சொல்லலாம். முதல் நாள் அதைப் பார்த்து நான், "இதென்ன பிள்ளை, ஒட்டுப்பொட்டு மாதிரிக் கிடக்கு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது பொட்டு.

அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய விசயம். ஆரணி எங்களுடன் இருக்கிறாள் என்றாலும் நின்றபடி சாப்பிட்டு, காதில் பாட்டுக் கருவி மாட்டி, கேட்ட கேள்விக்கு டேனிஷில் அரை வசனம் சொல்லிவிட்டுப் போகிற பிள்ளை. "எப்பிடிப் போச்சுது?" என்றால் "ஃபின்ட்" என்பாள். நல்லது என்று அர்த்தம். நல்லதுக்குப் பின்னால் கதவு மூடும் சத்தம் வரும். ஆனால் சனிக்கிழமைகளில் நான் தேத்தண்ணி கொண்டு கீழே இறங்கினால் கதைப்பாள். கை வேலையில் இருக்கும்போது வாய்க்குப் பூட்டு இல்லை. அதுவும் தமிழில்.

"அம்மா, எல்லாப் பொட்டும் ஒண்டு இல்லை," என்று அவள் ஒரு சனிக்கிழமை முழுக்க விளக்கினாள். "நான் என்ர ரிவோல்வரின்ர சுருள்வில்லை இளக்கி வச்சிருக்கிறன். விசை லேசா வரும், கை ஆடாது. ஆனால் சுத்தியலும் மெதுவாத்தான் அடிக்கும். அதாலை மெல்லிய பொட்டுத்தான் வேணும். தடிச்ச பொட்டு எண்டால் 'டிக்'தான்."

"அப்ப எல்லாரும் மெல்லிசையே வாங்கலாமே?"

"சில பேருக்கு மெல்லிசு ஆபத்து, அம்மா. அவையின்ர துவக்கு வேற, என்ர ரிவோல்வர் வேற. கடையில நல்ல பொட்டு எது எண்டு கேட்கக் கூடாது. என்ர துவக்குக்கு, என்ர மருந்துக்கு எது எண்டு கேட்கவேணும்."

மூன்று வகை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி நிரப்பி, ஒரே நாளில் சுட்டு, காகிதங்களை என் மேசையில் விரித்தாள். ஒரு வகையில் துளைகள் சிதறிக் கிடந்தன. ஒன்றில் நன்றாகக் கூடிவந்தாலும் இரண்டு தோட்டாக்கள் பற்றவில்லை. மூன்றாவது வகையில் எல்லாம் பற்றின, துளைகளும் ஒரு சிறு தேசிக்காய் அளவு வட்டத்துக்குள் அடங்கின. நீலப் பெட்டியில் வருவது. அதையே தெரிவு செய்தாள். ஒரு கணித ஆசிரியைக்கு அதைவிட மகிழ்ச்சி எது? ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அசையாமல் வை என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னதை என் பிள்ளை யாரும் சொல்லாமலே செய்தாள்.

பிறகு ஒரு சிவப்புப் பெட்டியும் வந்தது. கழகத்தில் ஒருவர் தேவையில்லை என்று கொடுத்தது. அதில் இருந்தது தடித்த பொட்டு. கூடுதலான மருந்தைப் பற்றவைக்கச் செய்த சூடான வகை. "இது எனக்குச் சரிவராது, திருப்பிக் குடுக்கவேணும்" என்று மேசையில் ஒதுக்கி வைத்தாள்.

நீலப் பெட்டிப் பொட்டும் வெள்ளி நிறம். சிவப்புப் பெட்டிப் பொட்டும் வெள்ளி நிறம். ஒரே அளவு.

3

அடுத்ததை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆரணி அவசரமாக ரயிலுக்கு ஓடிவிட்டு வழியில் அழைத்தாள். "அம்மா, ரெண்டு பெட்டியும் மேசையில விட்டிட்டன். அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிவிடுங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ."

வேறொன்றும் செய்யாதே என்று எந்தத் தமிழ்த் தாயிடம் சொல்லிப் பலித்திருக்கிறது? கீழே போய்ப் பார்த்தேன். நிலக்கீழ் அறையில் ஈரம். மட்டைப் பெட்டிகளின் மூலை மெத்தென்று இருந்தது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். ஒரு நெருப்புப்பெட்டி ஈரத்தில் போனால் வீட்டில் ஒரு கிழமைக்கு அந்தக் கதைதான். பால்மா டின், மருந்துப் போத்தல், மூடி இறுகும் எதையும் நாங்கள் எறிந்ததில்லை. டென்மார்க்கில் இத்தனை வருடம் இருந்தும் என் குளிர்பெட்டியில் ஐஸ்கிறீம் என்று எழுதிய பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருந்ததில்லை. மீன்குழம்பு இருக்கும். நீலநிற பிஸ்கட் டின்னுக்குள் நூலும் ஊசியும்.

எனவே நன்றாகக் கழுவிக் காயவைத்த ஒரு பெரிய ஜாம் போத்தலை எடுத்தேன். இரண்டு பெட்டியில் இருந்ததையும் அதற்குள் கொட்டினேன். சிணுசிணு என்று விழுந்தன. மூடியை இறுக்கி, மேலே ஒட்டுத்தாளில் 'ஆரணி – பொட்டு' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகு. ஒரு நிமிடம் அதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

வெறும் மட்டைப் பெட்டிகளைக் குப்பையில் போடப் போகும்போதுதான் அதில் அச்சிட்டதை வாசித்தேன். இந்தப் பெட்டியிலேயே வைக்கவும். வேறு பாத்திரத்தில் ஒன்றாகக் கொட்ட வேண்டாம். ஒன்று பற்றினால் எல்லாம் ஒன்றாகப் பற்றும்.

போத்தல் என் கையில் இருந்தது.

அதை எப்படிக் கீழே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. வைத்த பிறகு செய்ததுதான் உண்மையான குற்றம். யாருக்கும் சொல்லாமல், பிற்பகல் முழுவதும் அந்த மேசையில் குந்தியிருந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பெட்டிகளுக்குள் இருந்த தட்டுகளின் குழிகளில் திரும்ப வைத்தேன். முதலில் நீலம் நிரம்பியது. பிறகு சிவப்பு. எது எங்கிருந்து வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெட்டிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். போத்தலைக் கண்ணாடிக் குப்பைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.

சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். அனுமதி இல்லாத ஒருவர் தொடக்கூடாத பொருள் அது. சொன்ன அன்றே கீழறை எனக்குப் பூட்டப்படும். சனிக்கிழமை போய்விடும். மீண்டும் 'ஃபின்ட்' என்ற ஒரு சொல்லோடு வாழ வேண்டும்.

அடுத்த நாள் அவள் அந்த நீலப் பெட்டியிலிருந்து தோட்டா நிரப்பினாள். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றேன். "இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு, கழக அணிக்குத் தெரிவு," என்றாள். "நாலு பேர் வேணும். மூண்டு பேர் சரி. நானும் இன்னொருத்தரும்தான் மிச்சம். அம்மா, ஒருக்கா வந்து பாருங்கோவன்."

ஐந்து வருடத்தில் முதல்முறை கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

4

முதல் சுற்றிலேயே இரண்டு 'டிக்'. சுற்று முடிந்ததும் கூடத்துக்குப் பொறுப்பான ஹெல்லா அவளிடம் வந்தார். ஹெல்லாவுக்கு என் வயது இருக்கும். பகலில் பேருந்து ஓட்டுகிறவர், குரலும் அப்படித்தான்.

"என்ன ஆச்சு?"

"என் பிழை," என்றாள் ஆரணி டேனிஷில். "பொட்டை ஆழமாகப் பதிக்கவில்லை போல. வேறு காரணம் இல்லை."

என் பிழை. அவள் முகத்தில் வெட்கம். அந்தப் பிள்ளை சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு கோதையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் வைத்தாள். எனக்குத் தெரியும், நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேனே.

அடுத்த சுற்றுக்கு நிரப்பச் சொல்லி ஹெல்லா கட்டளையிட்டார். ஆரணி பெட்டியிலிருந்து தோட்டாக்களை எடுத்தாள். 'டிக்' என்று போவது மட்டும் என் பயம் இல்லை. தடித்த பொட்டில் ஒன்று பற்றினால்? அதன் சூடு வேறு, அவள் அளந்து போட்ட மருந்து வேறு பொட்டுக்கு. அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத எண்ணை என் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

சுவரில் ஒரு பலகை இருந்தது. ஆபத்தைக் காண்கிற எவரும் நிறுத்தச் சொல்லலாம். எவரும்.

எழும்பினேன். வாயில் டேனிஷ் வரவில்லை.

"நிப்பாட்டு! ஆரணி, நிப்பாட்டு!"

காதுமூடிகள் பேச்சை உள்ளே விடும் வகை. ஆரணி ரிவோல்வரைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்தாள். அவளைப் பார்த்து, மற்ற இடங்களில் நின்று சுட்ட ஐந்து பேரும் துப்பாக்கிகளை வைத்தார்கள். ஹெல்லா என்னிடம் வந்தார்.

எல்லாவற்றையும் அங்கேயே, எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். பெட்டி, ஈரம், போத்தல், பொறுக்கி வைத்தது. என் டேனிஷ் இலக்கணம் முழுவதும் சிதறியது. பொட்டு என்ற சொல்லைத் தமிழிலேயே நாலுதரம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹெல்லா தோட்டாப் பெட்டியை மூடித் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். "நீங்கள் கத்தியது முழுக்கச் சரி," என்றார். "போத்தலைப் பற்றி இப்போதைக்கு நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன். என் பேருந்தில் ஏறுகிறவர்கள் திட்டும் கெட்ட சொற்கள்தான் எனக்கு வருகின்றன."

அணியின் நாலாவது இடம் மற்றவருக்குப் போனது.

5

காரில் ஆரணி முன்னால் இருந்தாள். முதலில் டேனிஷில் வெடித்தாள். கடைசியில் தமிழுக்கு வந்தாள். அதுதான் சுட்டது.

"நான் அதுகளை நிரப்பேக்க பக்கத்தில நிண்டனீங்கள். தேத்தண்ணி தந்தனீங்கள். இனிப்புப் போதுமோ எண்டு கேட்டனீங்கள்."

"ஓம்," என்றேன்.

"பயந்ததெண்டால் அப்பவே சொல்லியிருக்கலாம்."

"ஓம், பிள்ளை."

"ஓம் ஓம் எண்டாதேங்கோ!"

வீட்டில் கணவர் கதவைத் திறந்து இருவர் முகத்தையும் பார்த்தார். கதையைக் கேட்டுவிட்டு, "உனக்கு மூடி இறுகிற போத்தலைக் கண்டால் கை சும்மா இராது," என்றார். பிறகு மெதுவாக, "அவள் கத்தட்டும். கத்தாமல் விட்டால்தான் பயம்," என்றார்.

மிஞ்சியிருந்த பொட்டுகளை என்ன செய்வது என்று பொலிசைக் கேட்டு, அவர்கள் சொன்னபடி ஒப்படைத்தோம். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். ஆரணி எழுதியதை மேசையில் கண்டேன். பெட்டிகளைப் பூட்டாமல் விட்டவள் தானே, கலந்ததும் தன் கவனக்குறைவே என்று நான்கு வரி. என் பெயர் எங்கும் இல்லை.

"இது சரியில்லை," என்றேன். "என்ர பெயரைப் போடு."

"தேவையில்லை அம்மா. எனக்கு ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான்."

"அனுமதி போனால்?"

"போனால் போகட்டும்."

"போகட்டும் எண்டு விட நீ ஆர்? நான் எழுதிறன்."

வேலைக்கு விடுப்பு எடுத்து இரண்டு பக்கம் டேனிஷில் எழுதினேன். வந்த புதிதில் மொழிப்பள்ளியில் எழுதிய பரீட்சையைவிட நீளம். என்ன செய்தேன், ஏன் செய்தேன், எவ்வளவு நாள் மறைத்தேன், எங்கே நிறுத்தினேன். ஆரணியிடம் நீட்டினேன். பேனாவை எடுத்துப் பல இடங்களில் திருத்தினாள். கடைசி வசனத்தில் வினைச்சொல் இடம் மாறி நின்றது. அதைத் தொடவில்லை.

"இது பிழைதானே?" என்றேன்.

"ஓம். இருக்கட்டும். நீங்கள்தான் எழுதினது எண்டு விளங்கும்."

பதில் வந்தது. அனுமதி பறிபோகவில்லை. ஆனால் நிலக்கீழ் அறைக்குத் தனிப் பூட்டு வேண்டும், அந்தப் பூட்டின் திறப்பு அவளிடம் மட்டும் இருக்க வேண்டும். வேறு எவரும் உள்ளே நிற்கக்கூடாது. கணவர் அன்றைக்கே பூட்டுப் போட்டார்.

போன சனிக்கிழமை தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டு மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அழுத்தியின் கைபிடி ஏறி இறங்கும் சத்தம். நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. நடந்த பிறகு ஒன்று தெரிந்தது. அழுதுகொண்டு படியில் நிற்க நான் வரவில்லை. இந்த நாட்டில் எனக்கு மூடியிருந்த கதவுகளை எல்லாம் ஒரு படிவத்தை நிரப்பித்தான் திறந்தேன். வதிவிடம், மொழி, வேலை, பிரஜாவுரிமை. இதற்கும் ஒரு படிவம் இருக்கும்.

6

இருந்தது. கழகத்தில் சேர விண்ணப்பம். பொலிஸ் என்னைப் பற்றி விசாரிக்கச் சம்மதம் தரும் தாள் ஒன்று, பிறந்த இடம், முன்னைய பெயர்கள். என் தந்தையின் பெயர் எப்படி என் குடும்பப் பெயராகி, அது எப்படி என் மகளுக்கு இல்லாமல் போனது என்று ஓரத்தில் எழுத வேண்டியிருந்தது. அதை எழுதிப் பழக்கம். கழகத்தின் தாளில் மட்டும் புதிய கேள்வி: ஏன் சுட விரும்புகிறீர்கள்?

உண்மையை எழுதினேன். அடுத்த நாள் ஹெல்லா தொலைபேசியில் அழைத்தார்.

"சுட விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுச் சேர வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

"முழுதும் வாசித்தீர்களா?"

"வாசித்தேன். 'மகள் பொட்டைத் தெரிவு செய்யும்போது பக்கத்தில் நிற்கும் உரிமை எனக்கு வேண்டும்.'" கொஞ்சம் நிறுத்தினார். "பாருங்கள், முதலில் சின்னத் துப்பாக்கியில் பழக வேண்டும். பரீட்சை இருக்கிறது. மறுநிரப்ப அனுமதி கேட்கும் நிலைக்கு வரக் குறைந்தது இரண்டு வருடம் எடுக்கும். சத்தம் வேறு. நீங்களே எழுதியபடி, காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருந்த ஆள் நீங்கள்."

"எடுக்கட்டும்," என்றேன்.

ஆரணிக்கு நான் சொல்லவில்லை, ஹெல்லா சொல்லியிருக்கிறார். நேற்று வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். காதில் கருவி இல்லை.

"ரெண்டு வருசம், அம்மா."

"ஓம்."

"அதுக்குள்ள நான் வேற வீட்டுக்குப் போயிடுவன்."

"போ. கழகம் இஞ்சதானே கிடக்கு. நீ அங்க வருவாய்தானே."

"உங்களுக்குச் சத்தம் கேட்டால் கை நடுங்கும்."

"நடுங்கும். பொறுத்துப் பாப்பம்."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், நான் அவளைப் பள்ளிக்கு அனுப்ப முதல் பார்ப்பது போல. பிறகு என் சப்பாத்தைக் காட்டினாள்.

"திங்கட்கிழமை ஆறு மணி. பின்னேர வேலையை மாத்துங்கோ. அடி தட்டையான சப்பாத்துப் போடுங்கோ, இதோட நிண்டால் ஆடுவீங்கள். சுணங்கி வந்தால் ஹெல்லா உள்ள விடமாட்டா. நானும் உங்களுக்காகக் கேட்டுத் தரமாட்டன்."